மச்சான் பிடித்த கயிறு

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஜவுளிக்காரர் முதலில் செய்த காரியம், சட்டையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டதுதான். ஊர் எதுவானாலும், எதிரே நிற்பது கழுதையே ஆனாலும், மடிப்புக் கலையாமல் நிற்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் ஒழுங்கு. அவருடைய தகப்பனார் கடைசி மூச்சுக்கு முன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார் என்று உறவில் ஒரு பேச்சு உண்டு. அதைக் கேலியாகச் சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் ஜவுளிக்காரர் காதுபடச் சொல்லும் ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை.

சாலை மணலில் போய் முடிந்தது. தகரக் கூரை போட்ட வீடுகள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. நடுவெயிலில் நான்கு பேர் ஒரு வலையை விரித்து உட்கார்ந்து கிழிசல் முடிந்துகொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி ஆள் உயரத்துக்குச் சங்குக் குவியல். சதையை வெட்டி எடுத்து அப்படியே பக்கத்தில் போட்டிருந்தார்கள். அந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தினால் ஊர்க்காரர்கள் தன்னை என்ன நினைப்பார்களோ என்று, அவர் மூச்சை மட்டும் அடக்கிக்கொண்டு நடந்தார்.

வழியில் ஒரு டீக்கடை. கடைக்காரி இடுப்பில் துண்டைச் செருகிக்கொண்டு அடுப்போடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"வாங்கய்யா. ஊர் சுத்திப் பாக்க வந்தீங்களா?"

"ஆமா" என்றார். பொய் சொல்வது அவர் குடும்பத்து வழக்கமில்லை. ஆனால் மானத்தைக் காக்கச் சொல்வது பொய்யாகாது என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது.

"இங்க பாக்க என்ன இருக்கு? மேல வானம், கீழ தண்ணி. நடுவுல நாங்க நாறிக்கிட்டு இருக்கோம்."

அவர் சிரிக்கவில்லை. டீயை வாங்கிக்கொண்டு, போகிறபோக்கில் கேட்பதுபோல, "சங்கு குளிக்கிறவங்க நிறைய பேரு இருக்காங்களோ?" என்றார்.

"ஊரே அதானே. இடுப்புல கல்லைக் கட்டிக்கிட்டு இறங்குவாங்க. ஒரு கயிறு இடுப்புல, மறு நுனி படகுல இருக்கிறவன் கையில. உள்ள இருக்கிறவன் இழுத்தா, மேல இருக்கிறவன் தூக்கணும். அந்தக் கயித்தை யாரு பிடிப்பான்னு நினைக்கிறீங்க?"

"பலசாலியா ஒருத்தன்."

"அட போங்கய்யா. பொண்டாட்டியோட கூடப்பிறந்தவன். கூலிக்குப் பிடிக்கிறவன் கொட்டாவி விடுவான். தங்கச்சி வாழ்க்கையைப் பிடிச்சிருக்கிறவன் கண்ணைக்கூட சிமிட்ட மாட்டான். மச்சான் கையில கயிறு இருந்தாதான் இங்க ஒருத்தன் பள்ளத்துல இறங்குவான். அங்கதான் பெரிய சங்கு. இல்லாதவன் ஓரத்துலயே முங்கிட்டு வரவேண்டியதுதான்."

"இல்லாதவங்களும் உண்டா?"

"ஒருத்தன் இருக்கான். மூச்சுன்னு பேரு. அவனை மாதிரி மூச்சுப் பிடிக்க இந்தக் கரையில ஆளே கிடையாது. ஆனா என்ன பண்ண? அவன் கட்டினது பெரிய இடத்துப் பொண்ணாம். ஓடி வந்துட்டா. அவளுக்கு ஒரு அண்ணன் இருக்கானாம், இருந்தும் செத்தவனுக்குச் சமம். டீசல்னு ஒரு எஞ்சின்காரன், அவன்தான் கூலிக்குக் கயிறு பிடிக்கிறான். குழாயடியில சண்டை வந்தா எங்க பொம்பளைங்க அவளை வேற எதுவும் சொல்ல மாட்டாங்க. 'கூடப்பிறப்பு இல்லாதவளே'ன்னு ஒரு வார்த்தைதான். குடத்தை எடுத்துக்கிட்டுப் போயிடுவா." அவள் கொதிக்கும் பாத்திரத்தைக் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டினாள். "அந்த அண்ணன்காரன் மட்டும் என் கையில கிடைச்சான்..."

"கிடைச்சா?"

"இந்தத் தண்ணியைத்தான் தலையில ஊத்துவேன். நீங்க குடிங்க, ஆறிடப் போகுது."

ஜவுளிக்காரர் டீயை முழுவதும் குடித்தார். பாதியில் வைத்துவிட்டு எழுந்தால் தோற்றுப்போனதுபோல் இருக்கும்.

தங்கையின் வீட்டை அவர் யாரிடமும் விசாரிக்கவில்லை. ஒரு வாசலில் தொங்கிய திரையைக் கண்டதும் நின்றுவிட்டார். பழைய துணிதான், வெயிலில் நிறம் போய்விட்டது. ஆனால் ஓரம் மடித்துத் தைத்திருந்த விதம், அவருடைய தகப்பனார் கடையில் வேலைக்காரர்களைத் திட்டித் திட்டிப் பழக்கிய விதம். துணியைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவார் அவர். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு முறை தேய்த்தால், எந்தத் தறி, எத்தனை இழை, கஞ்சி போட்டதா இல்லையா என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் விரல்கள். கடையில் வாடிக்கையாளர்கள் அதைப் பார்ப்பதற்கென்றே வருவார்கள்.

திரை விலகியது. தங்கை நின்றாள். தலை பாதி நரைத்திருந்தது. முதுகு மட்டும் அப்படியே நேராக இருந்தது.

"வாங்கண்ணே" என்றாள், போன வாரம்தான் வந்துபோனவரைக் கூப்பிடுவதுபோல.

"ம்" என்று உள்ளே போனார்.

ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, எதிர் மூலையில் சுருட்டிய பாய், உத்தரத்தில் தொங்கிய கயிற்றுச் சுருள், அதற்குக் கீழே வரிசையாகத் துளை போட்ட கற்கள். அவள் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். இருவர் கண்ணும் கலங்கவில்லை. அழுதால் யார் முதலில் அழுவது என்ற கேள்வி வந்துவிடும். தகப்பனார் வீட்டில் பிறந்த எவரும் அதில் முந்திக்கொள்ள மாட்டார்கள்.

"என் மகளுக்குக் கல்யாணம்" என்றார் அவர். "நல்ல இடம். எல்லாம் பேசியாச்சு. இப்போ சம்பந்தியம்மா ஒரு பேச்சை எடுத்திருக்கா. பொண்ணுக்கு ஒரு அத்தை இருக்காளாமே, எங்கன்னு. ஒரு வீட்டுல ஒருத்தி காணாமப் போயிருந்தா, ஏன்னு தெரியாம அந்த வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டாளாம்."

"நியாயந்தானே."

"நீ வரணும். வந்து அத்தையா நிக்கணும். வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டா, கப்பல்ல வேலை, வர நாளாகும்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"அவரை விட்டுட்டு வரணும்."

"நான் உன் வீட்டுக்காரரைக் குறை சொல்ல வரல. ஊர் வாயை மூட வந்திருக்கேன்."

தங்கை அடுப்புச் சாம்பலைக் கிளறினாள். பிறகு நிமிர்ந்து, "எனக்கும் ஒரு ஊர் இருக்குண்ணே. அதுக்கும் வாய் இருக்கு" என்றாள்.

"என்ன சொல்ல வர்ற?"

"உங்க மானத்துக்கு நான் வர்றேன். என் மானத்துக்கு நீங்க வாங்க. நாளைக்கு ஒரு நாள் அவருக்குக் கயிறு பிடிங்க. ஊர் பாக்கட்டும். அப்புறம் நீங்க சொன்னபடி கல்யாணத்துக்கு வந்து, நீங்க சொல்லச் சொன்னதைச் சொல்றேன். ஒரு எழுத்துக் குறையாது."

"எனக்குக் கடல் பழக்கமில்லை."

"தெரியாதுன்னு சொல்றீங்களா?"

அது அவர்கள் வீட்டுக் கத்தி. எங்கே குத்தினால் இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். 'தெரியாது, வலிக்கிறது என்ற இரண்டு சொல்லையும் அந்நியர் முன் சொல்லாதே' என்பது தகப்பனார் வாக்கு. சிறுவயதில் கதவிடுக்கில் விரல் நசுங்கியபோதுகூட, கடையில் ஆள் இருந்ததால், அண்ணனும் தங்கையும் விரலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள்.

"பிடிக்கிறேன்" என்றார் ஜவுளிக்காரர்.

மாலையில் மூச்சு வந்தான். கதவு அளவுக்கு மார்பு, சிவந்த கண்கள். நீரழுத்தத்தில் காது பாதி போய்விட்டதால் அன்பாகப் பேசினாலும் அதட்டுவதுபோல இருந்தது. விஷயத்தை மனைவி காதருகே சொன்னதும், தண்ணீரில் முங்கி எழுந்தவன்போல நின்றான்.

"மச்சான்! சாப்பிட்டீங்களா?"

கேட்ட கையோடு கயிற்றுச் சுருளை இறக்கி, வாசலில் உட்கார்ந்து, அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தான். போகிறவர் வருகிறவர் எல்லாரையும் கூப்பிட்டு, "நாளைக்கு மச்சான் பிடிக்கிறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். டீக்கடைக்காரிக்கும் சேதி போயிருக்க வேண்டும். வாசலில் வந்து நின்று ஜவுளிக்காரரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஊர் சுத்திப் பாக்க வந்தவர்னு நினைச்சேன்."

"சுத்திப் பாத்தாச்சு" என்றார் அவர்.

"சரிதான். தண்ணியை ஊத்தாம விட்டது நல்லதாப் போச்சு" என்று சொல்லி, தங்கையின் தோளில் ஒரு அடி வைத்துவிட்டுப் போனாள். தங்கை சிரித்ததை அவர் அப்போது பார்த்தார். வந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

காலையில் படகைத் தள்ளினார்கள். பின்பக்கம் எஞ்சினில் டீசல். ஒல்லியான ஆள், எப்போதும் எதையாவது சொல்லிக்கொண்டே இருக்கும் வாய். பல வருஷமாகத் தன் கையில் இருந்த கயிற்றை அவன் ஜவுளிக்காரர் கையில் கொடுத்தபோது மட்டும் கேலி செய்யவில்லை.

"ஐயா, கேட்டுக்கங்க. ஒரு இழுப்புன்னா இன்னும் கயிறு விடணும். ரெண்டு இழுப்புன்னா தூக்கணும். யோசிக்கக் கூடாது, தூக்கணும். ஆழத்துல இருந்து வர்ற இழுப்பு பெரிசா இருக்காது. மீன் கொத்துற மாதிரி. கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். அதனால கையை..."

"புரிஞ்சுது. ஒரு தடவை சொன்னாப் போதும்."

டீசல் வாயை மூடிக்கொண்டான். சொல்ல வந்ததில் பாதி அவன் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"நீயும் கூடப் பிடிச்சிக்கலாமே" என்றார் ஜவுளிக்காரர், யாருக்கோ சலுகை கொடுப்பதுபோல.

"கூடாதுங்க. ரெண்டு கை பட்டா எது இழுப்பு, எது கைன்னு தெரியாது. நான் படகை நீரோட்டத்துக்கு நேரா நிறுத்தணும். இல்லைன்னா கயிறு படகுக்கு அடியில போயிடும். கயிறு உங்களோடது மட்டும்தான்."

முதலில் ஓரத்தில் இறங்கினான் மூச்சு. இடுப்பில் கல் கோத்த பட்டை, அதன் மேல் கயிறு, கழுத்தில் வலைப்பை. பட்டையின் முடிச்சை மட்டும் முன்பக்கம் வைத்துக் கட்டியிருந்தான். ஆபத்து என்றால் ஒரே சுண்டில் அவிழ்த்துவிட்டால் கல் போய்விடும். ஆள் தானே மேலே வந்துவிடலாம். கூலிக்காரன் கயிறு பிடித்த காலமெல்லாம் மூச்சின் ஒரு கை சங்கைத் தேடும், மறு கை அந்த முடிச்சிலேயே இருக்கும் என்று டீசலே சொன்னான். "என் மேல அவ்வளவு நம்பிக்கை" என்று சிரித்தான்.

ஜவுளிக்காரருக்கு முதல் தடவையே இரட்டை இழுப்பு நன்றாகத் தெரிந்தது. அந்த விரல்களுக்குத் தெரியாமல் இருக்குமா? தூக்கினார். மூச்சு வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தான். "நல்ல கை மச்சான்!" என்று கத்தினான். அடுத்த முறையும் சரியாக நடந்தது. அதற்கடுத்த முறை ஒரு அலை வந்து கயிற்றைச் சுண்டி இழுத்தது. அவர் பதறித் தூக்கிவிட்டார். பாதி மூச்சில் மேலே வந்த மூச்சு விழித்தான்.

டீசல் விழுந்து விழுந்து சிரித்தான். "ஐயா, அலைக்கெல்லாம் தூக்கினா கடலையே தூக்க வேண்டியதுதான்!"

பக்கத்துப் படகிலும் சிரிப்புக் கேட்டது. ஜவுளிக்காரரின் காது சிவந்தது. இனி தீர்மானமாகத் தெரியாமல் தூக்குவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார்.

வெயில் ஏற ஏறக் கயிறு தன் வேலையைக் காட்டத் தொடங்கியது. துணியை மட்டும் தொட்டுப் பழகிய உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி, உடைந்து, தோல் உரிந்தது. உப்புத் தண்ணீர் அதில் புகுந்தது. ஒவ்வொரு முறை கயிறு ஓடும்போதும் நெருப்பை இழுத்துப் பிடித்ததுபோல் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். படகைக் கரைக்குத் திருப்பியிருப்பார்கள். யாரும் குறைவாக நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் எஞ்சின் பக்கத்தில் ஒரு கூலிக்காரன் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்துப் படகில் ஊரே இருக்கிறது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

மூச்சு படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு டீசலிடம், "பள்ளத்துக்கு விடு" என்றான்.

"இன்னிக்கேவா? இன்னும் ரெண்டு தடவை ஓரத்துல பாத்துட்டு..."

"டேய், என் மச்சான் கையில கயிறு இருக்கு. இன்னிக்கு இறங்காம எப்போ இறங்குறது? ஒரு பெரிய சங்கு எடுத்து மச்சான் கையில கொடுக்கணும். வீட்டுக்கு வெறுங்கையோட அனுப்புவேனா?"

பக்கத்துப் படகிலிருந்து ஒருவன், "என்ன மூச்சு, பள்ளத்துக்கா? மச்சான் வந்ததும் தைரியம் ஏறிடுச்சே!" என்று கத்தினான்.

"உனக்கு மட்டும்தான் மச்சான் இருக்கானா?" என்று இவனும் கத்தினான். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

பள்ளத்தின் மேல் தண்ணீர் வேறு நிறமாக இருந்தது. டீசல் எஞ்சினைத் தணித்து, முதுகைக் காட்டிக்கொண்டு, படகை நீரோட்டத்துக்கு நேராகப் பிடித்தான். மூச்சு விளிம்பில் உட்கார்ந்து நெஞ்சை நிரப்பிக்கொண்டான். குதிக்குமுன் ஒரு தரம் ஜவுளிக்காரரைத் திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டினான். அவரும் ஆட்டினார்.

அவன் இறங்கினான். கயிறு ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. உரிந்த தோலின் மேல் அது ஓடியபோது அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீசல் திரும்பவில்லை. அந்த நேரத்தில்தான் அவர் அதைச் செய்தார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த கைக்குட்டையை எடுத்தார். அவர் கடைக்கென்றே நெய்வித்தது, நெருக்கமான இழை, நான்கு ஓரமும் இரட்டைத் தையல். அதை உள்ளங்கைக்கும் கயிற்றுக்கும் நடுவே வைத்து, இறுக்கி மூடிக்கொண்டார்.

நெருப்பு அணைந்தது. அப்பாடா என்று இருந்தது.

கயிறு நின்றது. அடியைத் தொட்டுவிட்டான் என்று அர்த்தம். கடல் அமைதியாகத்தான் இருந்தது. ஒரு கடற்பறவை படகைச் சுற்றிவிட்டுப் போனது. கைக்குள் ஏதோ நெளிந்ததுபோல் இருந்தது. ஈரத்துணி நழுவியது என்று நினைத்து இன்னும் இறுக்கிப் பிடித்தார். மறுபடியும் ஏதோ. அலையாக இருக்கும். அலைக்குத் தூக்கினால் என்ன சிரிப்புச் சிரிப்பார்கள் என்று ஒரு தடவை பார்த்தாகிவிட்டது.

"இன்னும் இழுக்கலையா?" என்றான் டீசல், திரும்பாமலே.

"இல்லை."

சற்றுப் பொறுத்து, "ஐயா, நேரமாகுது. இழுக்கலையா?"

"இழுத்தா எனக்குத் தெரியாதா?"

அந்தக் குரலில் இருந்த அதட்டலுக்கு டீசல் கட்டுப்பட்டான். கடைசியில் பொறுக்க முடியாமல் திரும்பியவன் முதலில் பார்த்தது அவர் முகத்தை. பிறகு அவர் கையை.

"கையில என்னய்யா துணி?"

அவர் பதில் சொல்லுமுன் எஞ்சினைப் போட்டது போட்டபடி பாய்ந்துவந்து, கயிற்றைப் பிடுங்கினான். படகு குறுக்கே திரும்பி ஆடியது. கால்களை விளிம்பில் ஊன்றி, கைக்கு மேல் கை போட்டு இழுத்தான். ஜவுளிக்காரரும் பிடித்தார், இப்போது துணி இல்லை, வலியும் தெரியவில்லை. "மாப்ளே!" என்று கத்தினார். "மாப்ளே!" அத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த உறவு வெளியே வந்தது அப்போதுதான். அது பாதி காது கேட்காதவனுக்கு, தண்ணீருக்கு அடியில்.

மேலே வந்தான் மூச்சு. வாயில் இளஞ்சிவப்பாக நுரை. படகுக்குள் இழுத்துப் போட்டு, டீசல் நெஞ்சை அமுக்கினான். கவிழ்த்துப் போட்டு முதுகில் தட்டினான். வாயோடு வாய் வைத்து ஊதினான். பக்கத்துப் படகும் வந்துவிட்டது. அவர்களும் ஊதினார்கள். அந்தக் கரையிலேயே நீளமான மூச்சு என்று பேர் வாங்கியவனுக்கு, ஊரே சேர்ந்து ஊதியும் ஒரு மூச்சுத் திரும்பவில்லை.

அவன் கழுத்துப் பையில் ஒரு சங்கு இருந்தது. அதைப் பிடிக்க இரண்டு கை வேண்டும்; அவ்வளவு பெரியது.

டீசல் பின்னால் சாய்ந்து உட்கார்ந்தான். பிறகு செத்தவனின் இடுப்பைக் காட்டினான். கல் பட்டையின் முடிச்சு, காலையில் கட்டியபடியே இறுகி இருந்தது.

"முடிச்சுல கையே வைக்கல, பாருங்க. ஒரு சுண்டு சுண்டியிருந்தா மேல வந்திருப்பான். என் கையில கயிறு இருந்தா வந்திருப்பான். உங்க கைன்னு... தூக்கிடுவாங்கன்னு... ரெண்டு கையாலயும் கயித்தைப் பிடிச்சு இழுத்துக்கிட்டே இருந்திருக்கான்."

ஜவுளிக்காரர் எதிர்த்திசையில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெறுங்கையாப் பிடிக்கணும்னு சொல்லத்தான் வந்தேன் காலையில. நீங்க, ஒரு தடவை சொன்னாப் போதும்னுட்டீங்க." டீசல் படகின் அடியில் கிடந்த கைக்குட்டையை எடுத்து, பிழிந்து, நான்காக மடித்து அவர் சட்டைப் பையில் வைத்தான். "உங்க பொருள்."

கரையில் ஊரே நின்றது. உடலை மணலில் கிடத்தியதும், எப்படி, எப்படி என்ற கேள்வியைத் தவிர வேறு சத்தம் இல்லை. எல்லாரும் டீசலைப் பார்த்தார்கள். அவன், "மச்சானைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கிப் போய் நின்றுகொண்டான்.

ஜவுளிக்காரர் முதுகை நிமிர்த்தினார். "இழுப்பு வரவே இல்லை" என்றார். "வந்திருந்தா தூக்கியிருப்பேன்."

குரல் நடுங்கவில்லை. கடையில் சரக்கைப் பற்றிச் சொல்வதுபோலத் தெளிவாக இருந்தது. பள்ளம் பொல்லாதது, நெஞ்சு அடைத்திருக்கும் என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். பேச்சு அப்படியே அந்தப் பக்கம் போய்விட்டிருக்கும்.

புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தங்கை எழுந்து அண்ணனிடம் வந்தாள். கயிறு பிடித்த அவருடைய வலது கையை எடுத்து விரித்தாள். உடைந்த கொப்புளங்கள் இருந்தன. அவற்றுக்கு நடுவே, இறுக்கிப் பிடித்ததில் சதையில் பதிந்து, இன்னும் மறையாமல், ஒரு துணியின் இழை இருந்தது. இரட்டைத் தையல் போட்ட ஓரம், குறுக்கே ஒரு கோடாக. அவளும் அந்தக் கடையில் வளர்ந்தவள். கட்டை விரலால் ஒரு முறை அதன் மேல் தடவினாள். கண்ணை மூடிக்கொண்டே தடவினாள்.

பிறகு அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, கையை மூடிவிட்டாள்.

"இழுப்பு வரலையாம்" என்று ஊரைப் பார்த்துச் சொன்னாள். "எங்கண்ணன் பொய் சொல்ல மாட்டார்."

அதற்குப் பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை. அடக்கம் முடிந்தது. ஜவுளிக்காரர் கிளம்பும்போது தங்கை வாசல்வரை வந்தாள்.

"இந்த நிலைமையில நீ வரவேண்டாம்" என்றார் அவர். "சம்பந்தி வீட்டுல நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கிறேன்."

"நீங்க கயிறு பிடிச்சீங்கல்ல? நான் வருவேன்."

"ஊர் என்ன சொல்லும்?"

"உங்க ஊருக்கு என்ன தெரியும்? அவர் போனதை யாருக்கும் சொல்ல வேண்டாம். வாக்கு வாக்குதான். நம்ம வீட்டுப் பழக்கம் அது."

டீக்கடை வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போக வேண்டும். அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. கடைக்காரி அவரைப் பார்த்தாள். தண்ணீரை அடுப்பிலேயே ஊற்றி அணைத்துவிட்டு, உள்ளே போய்விட்டாள்.

சொன்ன நாளில் தங்கை வந்தாள். அண்ணன் வாங்கி வைத்திருந்த நல்ல புடவையைக் கட்டிக்கொண்டாள். தலையை வாரி, முகத்தைத் துடைத்து, பொட்டு வைத்து, நிமிர்ந்து, அத்தை நிற்க வேண்டிய இடத்தில் நின்றாள். பந்தியில் வந்தவர்களை உபசரித்தாள். யார் எதைக் கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னாள். 'என்ன கௌரவமான பொம்பளை, இவளைப் போய் ஓடிப்போனவள்னு சொன்னாங்களே' என்று மாப்பிள்ளை வீட்டார் தங்களுக்குள் பேசிக்கொண்டது ஜவுளிக்காரர் காதிலும் விழுந்தது. இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் அவ்வளவு தூரம் போய் வந்தார்.

சம்பந்தியம்மா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். "எல்லாம் சரி, வீட்டுக்காரர் எங்கம்மா? அவரைக் கண்ணுல காட்டலையே?"

கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஜவுளிக்காரர் அசையாமல் நின்றார்.

"அவருக்குக் கடல்லதான் வேலைம்மா" என்றாள் தங்கை. "வர நாளாகும்."

"அடடா. சொந்த மச்சான் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட வர முடியலையா?"

"கயிறு எங்கண்ணன் கையிலதான் இருக்கு" என்று சொல்லி, தங்கை தலையைத் திருப்பி, அத்தனை பேரையும் தாண்டி அவரைப் பார்த்தாள். "அவர் இழுத்தா வந்துடுவார்."

சம்பந்தியம்மா கலகலவென்று சிரித்தாள். "கேட்டீங்களா சம்பந்தி? தங்கச்சி மாப்பிள்ளையை நீங்க கூப்பிட்டா போதுமாமே, ஓடி வந்துடுவாராம்! அண்ணன் மேல என்ன மரியாதை பாருங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். ஜவுளிக்காரரும் சிரித்தார். வலது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இறுக்கி மூடிக்கொண்டு, சட்டை மடிப்புக் கலையாமல் நின்றார்.